பிழைத்தோர் எழுந்து நடக்க: தீவிர சிகிச்சைக்கு மறுவாழ்வுச் சிகிச்சையாளரைப் பயிற்றுவித்தல்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைப்பது 'உழைச்செல்வான்' என்பவனை. நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தை இயற்றுபவன் என உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கொள்வர். வகுப்பறையில் இதற்குச் செவிலியரை எடுத்துக்காட்டுவது வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் இன்றைய பெருமருத்துவமனைகளில் அந்த நான்காம் இடத்தில் செவிலியரோடு வேறு சிலரும் நிற்கின்றனர். உடலை இயக்கிப் பழக்கும் இயன்முறைச் சிகிச்சையாளர், உண்ணல் உடுத்தல் முதலிய அன்றாடச் செயல்களை மீட்டுத்தரும் செயல்முறைச் சிகிச்சையாளர், பேச்சையும் விழுங்குதலையும் சீராக்கும் பேச்சுச் சிகிச்சையாளர் என்னும் இம்மூவரையும் சேர்த்து மறுவாழ்வுச் சிகிச்சையாளர் என ஈண்டுக் குறிக்கிறோம்.

'பிசியோதெரபி' என்றவுடன் மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுப்பதும் தோள்பட்டைக்குப் பயிற்சி சொல்வதுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. தொண்டையில் குழாயும் மார்பில் கம்பிகளுமாகச் சுவாசக் கருவியோடு கிடக்கும் ஒருவரின் படுக்கையருகே இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்போர் பலர். அவ்வேலை யாது, அதற்கு ஒருவரை எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். மருத்துவத் துறையினர் எழுத வேண்டியதைத் தமிழ்த்துறையினர் எழுதுவானேன் என்னும் வினாவுக்குக் கட்டுரையின் பிற்பகுதி விடை தரும்.

ஏரிக்கரையின் உடலுழைப்பு

இப்பொருளை நாம் எளாவூரை முன்வைத்தே நோக்குகிறோம். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையில் அமைந்த ஊர் இது. கல்கத்தா நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு எளாவூர்ச் சோதனைச்சாவடி பழகிய பெயர். சாலைக்குக் கிழக்கே சென்றால் சுண்ணாம்புக்குளம் முதலிய ஊர்களும், அவற்றையடுத்துப் பழவேற்காடு ஏரியும் வரும். சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பரப்பின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. பரப்புப் பெரிதாயினும் ஆழம் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர் அளவே எனலாம்.

ஆழம் குறைந்த நீரில் தொழில் செய்வது எளிது என்று கரையில் நிற்பவர் கருதக்கூடும். உண்மை வேறு. சேற்றில் கால் பதித்து, இடுப்பளவு நீரில் நின்று, நனைந்த வலையை இழுப்பதற்குத் தொடையும் இடுப்பும் முதுகும் ஒருங்கே உழைக்க வேண்டும். இவ்வேரியில் 'பாடு' என்றொரு முறை வழிவழியாக உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் வலைகட்டும் உரிமையை ஊரார் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். பாடு வருகின்ற நாளில் படகேற உடல் ஒத்துழைக்க வேண்டும். மகளிர் சிலர் நீரில் குந்தியும் தவழ்ந்தும் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் பறியில் இடுகின்றனர். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் செய்யும் கைவினைப்பொருள்கள் பெயர்பெற்றவை. அத்தொழிலுக்குத் தொடை வலிமையினும் விரல் நுண்மையே தேவை. உடல் ஒன்றே முதலாக உள்ள மக்கள் இவர்கள்.

இம்மக்களுள் ஒருவர் நெடுஞ்சாலையில் அடிபடுகிறார். அல்லது கட்டுவிரியன் தீண்டி மூச்சுத்தசைகள் செயலற்றுப்போகின்றன. அல்லது கடும் நிமோனியாவோ பக்கவாதமோ தாக்குகிறது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ் விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. உயிர் காக்கும் வாய்ப்பு முன்னினும் பெருகியுள்ளது என்பதில் ஐயமில்லை. பிழைத்தவர் மீண்டும் இடுப்பளவு நீரில் நிற்பாரா என்பது வேறு வினா.

படுக்கையில் கரையும் தசை

ஓய்வே மருந்து என்பது நம் நாட்டில் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. காய்ச்சலுக்கு அது சரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் அசையாது கிடப்பவர்க்கு அதுவே தீங்காகிறது. 2013இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் இத்தகைய நோயாளிகள் 63 பேரின் முன்தொடைத் தசை அளக்கப்பட்டது. பத்தே நாட்களில் அத்தசையின் குறுக்களவு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்துபோயிருந்தது. பல உறுப்புகள் ஒருசேரப் பழுதுற்றவர்களிடம் இழப்பு இன்னும் மிகுதி. பயன்படாமையால் மட்டும் தசை இவ்வாறு தேய்வதில்லை. நோயின் வெம்மையில் உடல் தன் தசைப் புரதத்தையே சிதைத்து எரிக்கிறது. புதிதாகக் கட்டும் பணியோ மந்தமாகிறது. நரம்புகளும் பழுதுறுகின்றன. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசையே ஆதலின், கருவி மூச்சுவிடும்போது அது சோம்பி மெலிகிறது. பின்னர்க் கருவியை எடுக்க முற்படும்போது தானே மூச்சுவிட இயலாது நோயாளி திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தசையோடு இழப்பு நின்றுவிடுவதில்லை. மயக்க மருந்தின் பிடியிலும் இரவுபகல் அறியாத வெளிச்சத்திலும் கிடப்பவர்க்கு அறிவு கலங்குகிறது. இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. வீடு திரும்பிய பின்னும் மறதி, அச்சம், உறக்கமின்மை ஆகியன தொடர்கின்றன. உடல், அறிவு, மனம் ஆகிய மூன்றிலும் எஞ்சும் இத்துன்பத் தொகுதிக்குத் 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நலிவு' என்னும் பொருள்பட மருத்துவ உலகம் 2012 அளவில்தான் ஒரு பெயரிட்டது. பெயரிடுமுன்பும் துன்பம் இருந்தது. கனடா நாட்டில் கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்தோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. ஓராண்டு கழிந்தபின் அவர்களுள் பாதிப் பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர். அலுவலக நாற்காலியும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவாயின், பாடு முறையை நம்பி வாழும் குடும்பத்தின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கோபன்ஹேகனும் வேலூரும்

தீவிர சிகிச்சை என்னும் முறையின் தோற்றமே ஒரு பயிற்சிக் கதை. 1952இல் டென்மார்க்குத் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகளுள், முதல் மூன்று வாரங்களில் அக்காலச் சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் ஒரு வழி காட்டினார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துவதே அவ்வழி. அதற்குக் கருவிகள் இல்லை, கைகள் வேண்டியிருந்தன. ஏறத்தாழ 1500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, இரவும் பகலும் பையை அமுக்கினர். படுக்கையருகிலேயே கற்றுப் படுக்கையருகிலேயே செய்தனர். இறப்பு விகிதம் படிப்படியாகக் குறைந்து நான்கில் ஒரு பங்களவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்நகரில் இப்சன் தொடங்கிய பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு எனப் பலரும் கருதுவர். நம் மாணவர்கள் இச்செய்தியில் கருத வேண்டிய ஒன்றுண்டு: அந்த 1500 பேரும் பட்டம் பெறாதவர்கள், ஆனால் மேற்பார்வை பெற்றவர்கள்.

இந்தியாவிலும் இயன்முறைக் கல்விக்கு வித்திட்டது இளம்பிள்ளை வாதமே. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இதற்கென ஒரு பள்ளி உருவாயிற்று. தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவத்தின் வரலாறு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடும், மருத்துவர் மேரி வர்கீஸ் அவர்களோடும் பிணைந்தது. கேரளத்தில் பிறந்து வேலூரில் பயின்ற அவ்வம்மையார் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கு சென்று ஹோவர்டு ரஸ்கு என்பாரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நோயாளியாக இருந்தவரே ஆசிரியராக வந்ததனால் வேலூரின் கண்ணோட்டம் மருத்துவமனை வாயிலோடு நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் உடல் எவ்வாறு வாழும் என்பதையும் அது கேட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இன்று நுழையும் இளஞ்சிகிச்சையாளர் கற்க வேண்டிய முதல் வினா அதுவே என்பது எம் கருத்து.

பட்டமும் படுக்கையருகும்

நம் மாநிலத்தில் இயன்முறைச் சிகிச்சைப் பட்டப்படிப்பு நெடுங்காலமாக நாலரை ஆண்டுப் படிப்பாக இருந்துவந்தது. அதில் இறுதி ஆறு திங்கள் உள்பயிற்சி. அதன்மேல் ஈராண்டு முதுநிலைப் படிப்பில் இதய-நுரையீரல் பிரிவைச் சிறப்பாகப் பயில்வோரும் உள்ளனர். துணை மருத்துவப் பணிகள் அனைத்துக்குமான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியது. அவ்வாணையத்தின் 2025ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இயன்முறைப் பட்டப்படிப்பை ஐந்தாண்டாக்கி, இறுதி ஓராண்டு முழுவதையும் உள்பயிற்சிக்கு ஒதுக்கியது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆயின் அவ்வோராண்டில் எத்தனை நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், எவர் மேற்பார்வையில் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். நீச்சலைப் பற்றி எழுதிய நூலைக் கற்றவனை ஏரியில் தள்ளிவிடுவதை ஒக்கும், மேற்பார்வையின்றி ஒரு புதிய பட்டதாரியைச் சுவாசக் கருவியின் அருகே நிறுத்துவது.

அங்கு அவர் முதலாவதாகக் கற்க வேண்டியது தொடுவதன்று, பார்ப்பது. நோயாளியின் உடலிலிருந்து எத்தனை குழாய்கள் புறப்படுகின்றன? தொண்டையில் மூச்சுக்குழாய், மூக்கில் உணவுக்குழாய், கழுத்து இரத்தக்குழாயில் மருந்து செல்லும் வழி, மணிக்கட்டில் இரத்த அழுத்தம் காட்டும் கம்பி, சிறுநீர்க்குழாய், சிலருக்கு மார்பிலிருந்து நீர் வடியும் குழாய். நோயாளியை ஒருபக்கமாகத் திருப்புமுன் இவை ஒவ்வொன்றும் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்து, எதனை யார் பிடிப்பது என வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழாய் கழன்றால் ஓர் உயிர் போகக்கூடும். திரையில் ஓடும் எண்களையும் கற்க வேண்டும். எண்ணைப் படிப்பது எளிது. அவ்வெண் ஏறும்போக்கா இறங்கும்போக்கா என்பதை உணர்வதற்கே பயிற்சி வேண்டும்.

அடுத்து நுரையீரல். சளியை இருமித் தள்ள வலிமையற்றவர்க்கு உடலைச் சாய்த்து, மார்பைத் தக்கவாறு அழுத்தி, உறிஞ்சுகுழாயால் சளியை எடுத்தல் வேண்டும். கோவிட் பெருந்தொற்றின்போது நோயாளிகளைக் குப்புறக் கிடத்தி மூச்சை எளிதாக்கிய முறையை நாம் அனைவரும் செய்தித்தாள்களில் படித்தோம். குழாய்களோடு கிடப்பவரை அவ்வாறு கவிழ்ப்பதற்கு ஐந்தாறு பேர் ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். பாய்மரம் மாற்றும் படகோட்டிகளுக்கு இது விளங்கும். சொல் கொடுப்பவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும்.

வலிமையை அளக்கவும் ஒரு முறையுண்டு. கைகளிலும் கால்களிலும் பக்கத்துக்கு ஆறு தசைக் கூட்டங்களைச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவர். மொத்தம் 60. நாற்பத்தெட்டுக்குக் குறைந்தால் தீவிர சிகிச்சையில் வந்த தசைத்தளர்ச்சி எனக் கொள்வர். நோயாளி விழித்திருந்து, சொன்னதைப் புரிந்து செய்தாலன்றி இச்சோதனை பயன்படாது. ஆகவே நோயாளி விழிக்க வேண்டும். அதற்கு மயக்க மருந்தைக் குறைக்கும் முடிவை மருத்துவர் எடுக்க வேண்டும். விழிக்கும் நேரத்தைச் செவிலியர் சிகிச்சையாளருக்கு அறிவிக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் மருத்துவர் எழுதி அனுப்பிய பின்னரே இயன்முறையாளர் அழைக்கப்படுகிறார். அவ்வாறன்றிக் காலையில் எல்லோரும் சேர்ந்து படுக்கை படுக்கையாகப் பேசும் கூட்டத்தில் அவரும் நிற்கும் பழக்கம் உள்ள இடங்களில் பயிற்சி தானே நிகழ்கிறது. கூட்டாகப் பேசக் கற்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

செயல்முறைச் சிகிச்சையாளரையும் பேச்சுச் சிகிச்சையாளரையும் தீவிர சிகிச்சையில் காண்பது இன்னும் அரிதாகவே உள்ளது. இது பெருங்குறை. குழாய் எடுக்கப்பட்ட தொண்டை விழுங்க மறந்திருக்கும். அன்பு மிகுதியால் உறவினர் ஊட்டும் ஒரு தேக்கரண்டிக் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி மீண்டும் நிமோனியாவைக் கொண்டுவரக்கூடும்.

எழுப்புவதும் நிறுத்துவதும்

2009இல் அமெரிக்காவில் சுவாசக் கருவியில் இருந்த 104 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. மயக்க மருந்தை நாள்தோறும் நிறுத்திப் பார்த்து, விழித்த வேளையிலேயே ஒரு பகுதியினர்க்கு இயன்முறை, செயல்முறைப் பயிற்சிகள் தொடங்கப்பட்டன. மருத்துவமனையை விட்டு நீங்கும்போது தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அவர்களுள் 59 விழுக்காட்டினர் எய்தினர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடையே அது 35 விழுக்காடே. அறிவு கலங்கிக் கிடந்த நாட்களும் பாதியாகக் குறைந்தன. இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. எழுப்பு, நடக்கவிடு என்பது ஒரு முழக்கமாகவே மாறிற்று.

முழக்கங்களுக்கு எதிராகவும் சான்றுகள் எழுந்தன. பக்கவாத நோயாளிகள் 2104 பேரைக் கொண்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி இயக்கப்பட்டவர்களின் நிலை, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களினும் சற்றுக் குறைவாகவே அமைந்தது. 2022இல் ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், வழக்கத்தினும் மிகுதியாக இயக்கியதால் கூடுதல் நன்மை விளையவில்லை. இயக்கத்தோடு தொடர்புடைய தீய விளைவுகளோ 4.1 விழுக்காட்டிலிருந்து 9.2 விழுக்காடாக உயர்ந்தன. இதில் ஒன்று நோக்கத்தக்கது. அந்நாடுகளில் 'வழக்கமான கவனிப்பு' என்பதிலேயே நாள்தோறும் ஓரளவு இயக்கம் அடங்கியுள்ளது. எனவே இயக்கவே வேண்டா என்பது அதன் பொருளன்று. மருந்தைப் போலவே இயக்கத்துக்கும் அளவுண்டு, வேளையுண்டு, கொடுக்கக்கூடாத நிலையும் உண்டு என்பதே நாம் கொள்ளத்தக்கது.

அவ்வளவை அறிவதே பயிற்சியின் உயிர்நிலை. 2014இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று போக்குவரத்து விளக்கை ஒத்த வழிகாட்டியை வகுத்தது. இரத்தத்தில் பிராணவாயுச் செறிவு 90 விழுக்காட்டுக்குக் குறையாமலும், மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மிகாமலும், கருவி தரும் பிராணவாயு 60 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் இருப்பின் அவ்வளவில் பச்சை விளக்கு. தொண்டையில் குழாய் இருப்பது மட்டும் தடையாகாது. அளவு மீறினால் மஞ்சள். மூத்தவரைக் கலந்து செய்க என்பது பொருள். கட்டுக்கடங்காத குருதிப்போக்கு, நிலைகொள்ளாத முதுகெலும்பு முறிவு முதலியவற்றில் படுக்கையை விட்டு எழுப்புவதற்குச் சிவப்பு. பச்சையையும் சிவப்பையும் அட்டையில் அச்சிட்டு மாட்டிவிடலாம். மஞ்சளைத்தான் அட்டையால் கற்பிக்க இயலாது. மூத்த சிகிச்சையாளரின் அருகே நின்று, அவர் ஏன் இன்று உட்கார வைத்தார், ஏன் நேற்று வைக்கவில்லை என்று கேட்டுக்கேட்டே அது கைவர வேண்டும். அதனால் பயிற்சியை நான்கு படியாக அமைப்பது நல்லது: பதுமையின்மேல் பழகுதல், மூத்தவர் செய்வதை உடனிருந்து காணுதல், மூத்தவர் காணத் தான் செய்தல், பின்னர்த் தனித்துச் செய்தல். மூன்றாம் படியைச் சுருக்கும் அவசரமே பெரும்பாலும் தீங்குக்கு வழிவகுக்கும். தொடங்கிய பயிற்சியை இடையில் நிறுத்தும் துணிவும் அங்குதான் பிறக்கிறது. நிறுத்தியவரை எவரும் பாராட்டுவதில்லை. ஆயினும் நிறுத்தத் தெரிந்தவரே தேர்ந்தவர்.

பெரியோர்களுக்குப் பழகிய ஓர் ஒப்புமையை ஈண்டுக் காட்டலாம். நின்று தொழ இயலாத நோயாளி அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும், சைகையாலும் தொழலாம் என்பது நம் மார்க்கச் சட்டம் தரும் சலுகை. உடலின் ஆற்றலுக்கேற்ப இறங்கிச்செல்லும் படிகள் அவை. தீவிர சிகிச்சையில் மறுவாழ்வு என்பது ஏறத்தாழ அதே படிகளில் கீழிருந்து மேலேறுவதாகும்: படுக்கையில் கைகால் அசைத்தல், ஒருக்களித்தல், கட்டிலோரத்தில் கால் தொங்கவிட்டு அமர்தல், நிற்றல், நின்ற இடத்திலேயே காலெடுத்து வைத்தல், நடத்தல். முஸ்லிம் நோயாளிகள் சற்றுத் தேறியதும் சஜ்தா செய்ய இயலுமா என்று கேட்பதுண்டு. தரையில் நெற்றி வைத்து எழுவதற்குத் தொடை, முழங்கால், தோள், கழுத்து ஆகியன ஒருங்கே வேண்டும். நாட்டமுள்ள சிகிச்சையாளர் அக்கேள்வியையே இலக்காக மாற்றிக்கொள்வார். இப்போதைக்கு நாற்காலியில் அமர்ந்து தொழுக, நின்று தொழும் நாளுக்கு இன்ன பயிற்சி செய்க என்பார். அவர் எச்சமயத்தவராயினும் இதனை அறிந்திருத்தல் நலம்.

நோயாளியின் மொழி

இப்போது நம் துறைக்கு வருவோம். மேற்கண்ட பயிற்சிகள் யாவும் சொல்லால் நடப்பவை. நோயாளியோ பேச இயலாதவர், கேட்டுச் செய்பவர். அவருக்குச் சொல்லும் சொல் ஒருமுறையிலேயே விளங்க வேண்டும். சில துண்டறிக்கைகள் 'கோழையை வெளியேற்றுக' என அச்சிடுகின்றன. கோழை என்றால் ஏரிக்கரையில் அஞ்சுபவன் என்றே கொள்வர். சளி என்றாலே போதும். 'மூச்சைப் பிடி' என்பதிலும் சிக்கல் உண்டு. 'மூச்சுப் பிடித்துக்கொண்டது' என்பது நம் மக்களுக்கு விலாவில் வரும் ஒரு வலியின் பெயர். 'மூச்சை இழு, அப்படியே வைத்திரு, மெல்ல விடு' என்றால் ஐயமில்லை. 'இயக்கம்', 'தாங்குதிறன்' போன்ற கலைச்சொற்கள் நூலுக்கு வேண்டும். அவற்றை ஆக்குவது தமிழ்த்துறைகளின் கடமையே. படுக்கையருகே வேண்டுவது வேறு தமிழ். எளாவூர்ப் பகுதியில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டவர்களும் பலர். உட்கார், நில், போதும், வலிக்கிறதா என்னும் நான்கைந்து சொற்களைத் தெலுங்கிலும் கற்ற சிகிச்சையாளர் பாதி வேலையை முடித்தவராவார்.

அறிவு கலங்கிய நோயாளிக்கு மொழியே மருந்தாவதும் உண்டு. பெயர் சொல்லி அழைத்து, இன்று இன்ன கிழமை, இது மருத்துவமனை, உங்கள் மகன் வெளியே இருக்கிறார் என்று வேளைதோறும் சொல்வது கலக்கத்தைக் குறைக்கும் முறைகளுள் ஒன்றாகக் கையாளப்படுகிறது. இதனை உறவினருக்கும் கற்பிக்கலாம். நலம் விசாரிக்கச் செல்வதை நன்மையெனக் கருதும் சமுதாயம் நம்முடையது. பத்துப் பேர் கட்டிலைச் சூழ்வதினும் பழகிய குரலுடைய ஒருவர் அருகிருந்து நிதானமாகப் பேசுவதே அங்குப் பெரிதும் பயன்படும்.

திரும்பும் வழி

தீவிர சிகிச்சையிலிருந்து பொதுப்பிரிவு, அங்கிருந்து வீடு என்னும் வழியில்தான் பெற்ற பயன் சிதறிப்போகிறது. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிமுடித்த மருத்துவமனையில், நலம்பெற்று நீங்குவோர் உடனே கூலிவேலைக்கு ஓட நேராவண்ணம் கையில் பொருள் கொடுத்தனுப்பினர் என்று வரலாற்று நூல்கள் கூறும். தேறும் காலமும் சிகிச்சையின் பகுதியே என்று கருதியவர்கள் அவர்கள்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் தருவதாகவே பலரும் அதனை அறிவர். வட்டாரந்தோறும் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் வீடு தேடிச் சென்று பயிற்சி தருவதும் அதில் அடங்கும். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்பது போதாது என்பதை எவரும் ஒப்புவர். எனினும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அவ்வாறு செல்பவருக்கும் சென்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறுபவருக்கும் இடையே ஒரு தாள் போய்வந்தால் பெரும்பயன் விளையும். எத்தனை நாள் கருவியில் இருந்தார், இப்போது எத்தனை மதிப்பெண், எவ்வளவு தொலைவு நடக்கிறார், எங்கு மூச்சு வாங்குகிறது என்பவற்றைத் தமிழில் எழுதிய ஒற்றைத் தாள். உள்பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் பத்து நாட்களேனும் இத்தகைய வீட்டு வருகையில் உடன்செல்லுமாறு பாடத்திட்டத்தில் இடம் வகுத்தால், மருத்துவமனையில் தாம் செய்தது வீட்டில் என்னவாயிற்று என்பதைக் கண்ணால் காண்பர்.

அத்தாளில் நோயாளியின் தொழில் என்னும் இடத்தில் 'கூலி' என்று எழுதி விட்டுவிடலாகாது. பாடு கட்டுபவராயின் எவ்வளவு நீரில் நிற்பார், வலை இழுப்பது எத்தனை பேர் என்று கேட்டு எழுத வேண்டும். இறால் தடவும் பெண்ணுக்குக் குந்தி எழும் பயிற்சியும், ஓலை முடைபவருக்கு விரல்நுனிப் பயிற்சியும் அதனைப் பார்த்தே வகுக்கப்படும். படகேறுவதற்கு முன் மணலில் நடை, மணலுக்குப் பின் கணுக்கால் நீர், பிறகு முழங்கால் நீர் என ஏரியையே பயிற்சிக் களமாக்கிக்கொள்ளலாம். துணைக்கு ஒருவர் உடன் நிற்க வேண்டும், அவ்வளவே.